கலர் ஏன் சீக்வென்ஸை வெல்கிறது? போக்கர் கைகளின் தரவரிசை பற்றி ஓர் ஐயம்

மேலூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் ரம்மியும் மூன்று சீட்டும்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, பந்தலின் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து, புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து விடிய விடிய ஆடிய பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இரண்டையும் கற்றுக்கொண்டேன். ஆகவே டிரெயில் (ஒரே எண்ணில் மூன்று), பியூர் சீக்வென்ஸ் (கிளாவர், டைமன், ஹார்ட், இஸ்பேட் என்ற நான்கு இனங்களில் ஒன்றிலேயே அடுத்தடுத்த எண்கள்), சீக்வென்ஸ் (இனம் கலந்த அடுத்தடுத்த எண்கள்), கலர் (எல்லாம் ஒரே இனம்), ஜோடி, தனிச் சீட்டு என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் தரவரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்லிவிடுவேன்.

சென்ற மாதம் உடன் பணிபுரியும் நண்பர்கள் டெக்சாஸ் ஹோல்டம் என்னும் போக்கர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துத் தருகிறார்கள். நடுவே ஐந்து பொதுச் சீட்டுகளைத் திறக்கிறார்கள். தன்னுடைய இரண்டும் பொதுவான ஐந்துமாகச் சேரும் ஏழிலிருந்து ஆகச் சிறந்த ஐந்தைக் காட்ட வேண்டும். அன்று நடுவே கிளாவர் 7, டைமன் 8, கிளாவர் 2, கிளாவர் 9, ஹார்ட் ராஜா ஆகியவை திறந்து கிடந்தன. என் கையில் இஸ்பேட் 5, ஹார்ட் 6. ஐந்து முதல் ஒன்பது வரை அடுக்காக அமைந்துவிட்டதால், என்னிடமிருந்த கொட்டைகள் அனைத்தையும் நடுவே தள்ளிவிட்டேன். எதிரே இருந்தவர் கிளாவர் ஏஸையும் கிளாவர் நாலையும் திருப்பிக் காட்டி, ஐந்து கிளாவர் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, குவியலை அள்ளிக்கொண்டார்.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று சீட்டில் சீக்வென்ஸ் கலரை வெல்லும்போது, போக்கரில் கலர் சீக்வென்ஸை வெல்வது ஏன் என்று கேட்டதற்கு, விதி அப்படித்தான் என்பதற்கு மேல் அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தத் தரவரிசைக்குக் காரணம் ஏதேனும் உண்டா, அல்லது வெறும் வழக்கம்தானா? காரணம் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது என்பதால் கேட்கிறேன். அதோடு, இருவருக்கும் ஒரே வகைக் கை அமையும்போது யார் வென்றார் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ணிப்பார் (மறுமொழி):

வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. அதற்குத் தெளிவான விடையும் இருக்கிறது. அரிதாக அமைவது பெரிது, அடிக்கடி அமைவது சிறிது என்பதே அந்த அடிப்படை. எது அரிது என்பது, எத்தனை சீட்டுகளைக் கொண்டு ஒரு கை அமைகிறது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் முழுவதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

முதலில் உங்களுக்குப் பழக்கமான மூன்று சீட்டையே எண்ணிப் பார்ப்போம். 52 சீட்டுகளிலிருந்து மூன்றை 22,100 விதங்களில் எடுக்கலாம். ஒரே இனத்தில் உள்ள 13 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுக்க 286 வழிகள். நான்கு இனங்களுக்கு 1,144. அவற்றில் பியூர் சீக்வென்ஸாக அமையும் 48ஐக் கழித்தால் கலர் 1,096. சீக்வென்ஸுக்கு ஏஸ்-2-3 தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை 12 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று சீட்டுகளும் நான்கு இனங்களில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 64 வழிகள். ஆக 768, பியூர் சீக்வென்ஸைக் கழித்தால் 720. கலரைவிடச் சீக்வென்ஸ் அரிது என்பதால் அது மேலே நிற்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது சரியே.

இப்போது ஐந்து சீட்டுக்கு வருவோம். 52இலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 விதங்கள் உண்டு. ஓர் இனத்தின் 13இலிருந்து ஐந்தை எடுக்க 1,287 வழிகள். நான்கு இனங்களுக்கு 5,148. அடுக்காகவும் ஒரே இனமாகவும் அமையும் 40ஐக் கழித்தால் கலர் 5,108. அடுக்குகளோ ஏஸ்-2-3-4-5 முதல் 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் வரை பத்து. ஒவ்வொன்றுக்கும் 1,024 வழிகள். மொத்தம் 10,240இல் அந்த 40ஐக் கழித்தால் சீக்வென்ஸ் 10,200. அதாவது ஐந்து சீட்டில் கலரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு முறை சீக்வென்ஸ் அமைகிறது. அதனால்தான் அன்று உங்கள் ஐந்து முதல் ஒன்பது வரையிலான அடுக்கு, அந்த ஐந்து கிளாவருக்குக் கீழே போயிற்று.

இடையில் நான்கு சீட்டு என்ன ஆகும் என்று எனக்கே ஆவலாக இருந்ததால் தாளை எடுத்து அதையும் போட்டுப் பார்த்தேன். நான்கு சீட்டுக் கையில் கலர் 2,816, சீக்வென்ஸ் 2,772. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, தராசு முள் நடுவே நிற்பது போல நிற்கின்றன. மூன்றில் சீக்வென்ஸ் அரிது, நான்கில் இரண்டும் சமநிலைக்கு அருகே, ஐந்தில் கலர் அரிது. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே பெரும் மகிழ்ச்சியாக இருந்தது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதை எண்கள் இல்லாமலும் பார்க்கலாம். ஐந்து சீட்டுக் கலர் அமைய வேண்டுமானால் உங்களிடம் வரும் முதல் மூன்று சீட்டுகளும் கட்டாயம் கலராகவே இருக்க வேண்டும். ஒன்று இனம் மாறிவிட்டாலும் அந்தக் கை கலராக ஆக முடியாது. சீக்வென்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 5, 7, 9 என்று மூன்று வந்தால் மூன்று சீட்டு ஆட்டத்தில் அது வெறும் தனிச் சீட்டுக் கை. ஆனால் ஐந்து சீட்டு ஆட்டத்தில் இடையே 6ம் 8ம் வந்து அதை முழு அடுக்காக்கிவிடலாம். சீட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அடுக்கின் இடைவெளிகளை நிரப்பும் வாய்ப்பு பெருகுகிறது. கலருக்கு அந்த வகை இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதே இல்லை.

நடுச்சீட்டு (மறுமொழி):

எண்ணிப்பார் அடித்தளத்தைச் சொல்லிவிட்டதால், மீதமுள்ள படிகளையும் சமநிலை வரும்போது தீர்க்கும் முறையையும் நான் சொல்கிறேன். மேசையில் பலரும் தடுமாறுவது இந்த இரண்டாவது பகுதியில்தான் என்பது நெடுநாள் ஆடிய அனுபவத்தில் நான் கண்டது.

கீழிருந்து மேலே போவோம். எதுவுமே சேராத தனிச் சீட்டுக் கை 13,02,540. அதாவது ஐந்து சீட்டு எடுத்தால் பாதிக்குச் சற்று மேற்பட்ட முறை ஒன்றுமே அமையாது. ஒரு ஜோடி 10,98,240, அதாவது நூற்றுக்கு 42 முறை. இரண்டு ஜோடி 1,23,552. ஒரே எண்ணில் மூன்று அமைந்தால் அதை டிரிப்ஸ் என்கிறார்கள், அது 54,912. அடுத்துச் சீக்வென்ஸ், அதற்கு மேல் கலர்; போக்கர் ஆடுபவர்கள் முன்னதை ஸ்ட்ரெய்ட் என்றும் பின்னதை ஃபிளஷ் என்றும் சொல்வார்கள். அதற்கு மேல், ஒரே எண்ணில் மூன்றும் வேறோர் எண்ணில் இரண்டுமாக ஐந்து சீட்டும் பயன்படும் ஃபுல் ஹவுஸ் 3,744. ஒரே எண்ணின் நான்கும் கூடுவது 624. அடுக்காகவும் ஒரே இனமாகவும் வரும் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், அதாவது நம் பியூர் சீக்வென்ஸ், 36. அதிலும் 10 முதல் ஏஸ் வரை ஒரே இனத்தில் அமையும் ராயல் ஃபிளஷ் வெறும் 4. அது 6,49,740 கைகளுக்கு ஒரு முறை அமையக்கூடியது. எண்கள் படிக்குப் படி குறைந்துகொண்டே போவதைக் கவனித்தால், தரவரிசையைத் தனியாகப் பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஃபுல் ஹவுஸ் கலரை வெல்வதும் சிலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் கண்ணுக்குக் கலர்தான் பளிச்சென்று தெரிகிறது. மூன்று சேரும் எண்ணைத் தேர்ந்தெடுக்க 13 வழி, அதில் மூன்றை எடுக்க 4 வழி, ஜோடியின் எண்ணுக்கு 12 வழி, அதில் இரண்டை எடுக்க 6 வழி. இவற்றைப் பெருக்கினால் அந்த 3,744 கிடைக்கும். கலரின் 5,108ஐவிட இது குறைவு.

இனி ஒரே வகைக் கைகள் மோதும்போது என்ன செய்வது என்று பார்ப்போம். ஜோடிகள் மோதினால் பெரிய ஜோடி வெல்லும். ஜோடியும் ஒன்றாக இருந்தால் மீதமுள்ள மூன்று சீட்டுகளைப் பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இந்த உதவிச் சீட்டைக் கிக்கர் என்பார்கள். நடுவே ஏஸ், ஜாக்கி, 7, 4, 2 இருக்க, உங்களிடம் ஏஸும் ராஜாவும், எதிரியிடம் ஏஸும் 9ம் இருந்தால், இருவருக்கும் ஏஸ் ஜோடிதான். ஆயினும் ஜோடிக்கு அடுத்த சீட்டாக உங்களுக்கு ராஜாவும் அவருக்கு ஜாக்கியும் நிற்பதால் நீங்கள் வெல்கிறீர்கள். அதே நேரத்தில், நடுவே ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 4 கிடக்க, ஒருவரிடம் ஏஸும் 9ம், மற்றவரிடம் ஏஸும் 7ம் இருந்தால், இருவரின் ஐந்து சீட்டும் ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கிதான். 9 பெரிதா 7 பெரிதா என்ற பேச்சே அங்கே எழாது, குவியலைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் இந்த இடத்தில் தங்கள் 9ஐக் காட்டி வாதிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கில் வருவது ஐந்து சீட்டு மட்டுமே. ஆறாவது சீட்டு இல்லாததற்குச் சமம்.

இரண்டு ஜோடிக் கைகளில் முதலில் பெரிய ஜோடி, பிறகு சிறிய ஜோடி, கடைசியாகக் கிக்கர். ஃபுல் ஹவுஸில் மூன்றாக வந்த எண்தான் முதலில் பேசும். 6-6-6-2-2 என்ற கை 5-5-5-ஏஸ்-ஏஸை வெல்லும். கலரில் மேலிருந்து கீழாக ஐந்து சீட்டையும் ஒப்பிட வேண்டும். சீக்வென்ஸில் உச்சிச் சீட்டு பெரிதாக இருப்பவர் வெல்வார். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: ஏஸ்-2-3-4-5இல் ஏஸ் ஒன்றாகக் கருதப்படுவதால் அதன் உச்சி 5, ஆகவே அதுவே ஆகச் சிறிய அடுக்கு. மூன்று சீட்டில் பல வீடுகளில் ஏஸ்-2-3 இரண்டாவது பெரிய சீக்வென்ஸாக மதிக்கப்படுவதால் நம்மவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றிக்கொண்டு போவது அடுக்கே அல்ல.

இரண்டு ஜோடி விதி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஆட்டத்தைச் சொல்கிறேன். 2003இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும் தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹாவும் இறுதியில் எதிரெதிரே அமர்ந்தார்கள். கடைசிக் கையில் மணிமேக்கரிடம் 5ம் 4ம். ஃபர்ஹாவிடம் ஜாக்கியும் 10ம். நடுவே முதல் மூன்று சீட்டாக ஜாக்கி, 5, 4 விழுந்தன. ஃபர்ஹாவுக்கு மேசையின் பெரிய ஜோடி; மணிமேக்கருக்கோ சிறிய எண்களில் இரண்டு ஜோடி. அந்த நிலையிலேயே இருவரும் முழுவதையும் பணயம் வைத்தார்கள். நான்காவது சீட்டு 8. ஐந்தாவதாக இன்னொரு 8 விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்: மணிமேக்கரிடம் 8, 5, 4 என மூன்று ஜோடிகள் சேர்ந்திருந்தாலும், ஐந்து சீட்டில் இரண்டு ஜோடிக்குத்தான் இடம் என்பதால் 4 ஜோடி வெளியே போய் 8-8-5-5 ஆகியிருக்கும், ஃபர்ஹாவின் ஜாக்கி-ஜாக்கி-8-8 அதை வென்றிருக்கும். ஆனால் விழுந்தது 5. மணிமேக்கருக்கு 5-5-5-4-4 என்ற ஃபுல் ஹவுஸ் அமைந்து, 25 லட்சம் டாலர் முதல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

மேலூர்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து நானும் தாளில் எண்ணிப் பார்த்தேன். கலருக்கும் சீக்வென்ஸுக்கும் விடை சரியாகவே வந்தது. ஆனால் அதனால் இரண்டு புதிய ஐயங்கள் முளைத்துவிட்டன. மூன்று சீட்டில் டிரெயில் 13 எண்களுக்கு எண்ணொன்றுக்கு 4 வீதம் 52 வருகிறது. பியூர் சீக்வென்ஸோ 48தான். அரிதானது பெரிது என்றால் பியூர் சீக்வென்ஸ் அல்லவா டிரெயிலுக்கு மேலே இருக்க வேண்டும்? இரண்டாவது, நீங்கள் கணக்கிட்டதெல்லாம் ஐந்து சீட்டுக்கு. ஹோல்டமில் நாங்கள் ஏழு சீட்டிலிருந்து தேர்ந்தெடுக்கிறோம். ஏழில் எண்ணினாலும் இதே தரவரிசைதான் வருமா?

எண்ணிப்பார்:

இரண்டுமே நல்ல கேள்விகள். முதலாவதற்கு விடை, நீங்கள் எண்ணியது சரி என்பதுதான். அந்த ஓரிடத்தில் நம் மூன்று சீட்டு, கணக்கைப் பின்பற்றாமல் மரபைப் பின்பற்றுகிறது. மூன்று சீட்டின் நெருங்கிய உறவான பிராக் என்ற பிரிட்டானிய ஆட்டத்திலும் ஒரே எண்ணின் மூன்றுக்கே முதலிடம். அங்கே மூன்று 3கள்தான் ஆகப் பெரிய கை. சூதாட்ட விடுதிகளில் ஆடப்படும் மூன்று சீட்டுப் போக்கரில் மட்டும் கணக்கை மதித்து, பியூர் சீக்வென்ஸை டிரெயிலுக்கு மேலே வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை இன்னும் சுவையானது. ஏழு சீட்டை 13,37,84,560 விதங்களில் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆகச் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்தால், ஃபுல் ஹவுஸ் 34,73,184, கலர் 40,47,644, சீக்வென்ஸ் 61,80,020, டிரிப்ஸ் 64,61,620, இரண்டு ஜோடி 3,14,33,400, ஒரு ஜோடி 5,86,27,800 என்று வருகின்றன. இதுவரை தரவரிசை குலையவில்லை. சீக்வென்ஸும் டிரிப்ஸும் தோளோடு தோள் உரசும் அளவுக்கு நெருங்கி வந்தாலும் இடம் மாறவில்லை. ஆனால் தனிச் சீட்டுக் கை 2,32,94,460தான். அதாவது ஏழு சீட்டில் ஒன்றுமே அமையாமல் போவது, ஒரு ஜோடி அமைவதைவிடவும் இரண்டு ஜோடி அமைவதைவிடவும் அரிது.

அப்படியானால் ஒன்றும் இல்லாத கையை ஜோடிக்கு மேலே வைக்கலாமே என்று தோன்றும். வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடி உள்ள ஏழு சீட்டில் ஆறு வெவ்வேறு எண்கள் இருக்கும். ஜோடியைவிடத் தனிச் சீட்டுக்கு மதிப்பு அதிகம் என்று விதியை மாற்றிய உடனே, ஜோடி வைத்திருப்பவர் அதில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஐந்து வெவ்வேறு எண்களை எடுத்து, தன்னிடம் ஒன்றும் இல்லை என்று காட்டிவிடுவார். இரண்டு ஜோடி உள்ளவரிடமும் ஐந்து வெவ்வேறு எண்கள் இருப்பதால் அவரும் அதையே செய்வார். அரிதாக இருந்தது ஒரே நாளில் மிகப் பொதுவானதாக ஆகிவிடும். ஜோடி என்பதை யாரும் காட்டவே மாட்டார்கள். சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவரிடம் இருக்கும்வரை, விதியை மாற்றினால் எண்ணிக்கையும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே ஐந்து சீட்டில் வகுத்த தரவரிசையையே ஏழு சீட்டிலும் வைத்திருப்பது சோம்பலால் அல்ல. அதற்கு வேறு ஒழுங்கான வழி இல்லை.

பழையகட்டு (மறுமொழி):

இந்த உரையாடலை இரண்டு நாள்களாகப் படித்துவருகிறேன். கட்டில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை மாறினாலும் தரவரிசை மாறும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் படம் முழுமையாகும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

போக்கர் தொடக்கத்தில் 52 சீட்டு ஆட்டமே அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் அது பரவியபோது, ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்ற ஐந்து எண்கள் மட்டும் கொண்ட 20 சீட்டுக் கட்டில் ஆடினார்கள். நான்கு பேருக்கு ஐந்தைந்தாகப் போட்டால் கட்டு தீர்ந்துவிடும். அந்தக் கட்டில் சீக்வென்ஸ் என்ற பேச்சுக்கே பொருளில்லை. ஐந்து எண்கள்தான் இருப்பதால், ஜோடி சேராத கை எதுவாயினும் அது 10 முதல் ஏஸ் வரையிலான அடுக்காகத்தான் இருக்க முடியும். ஒன்றும் அமையாத கையும் சீக்வென்ஸும் அங்கே ஒன்றேதான். அதனால் ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று, ஃபுல் ஹவுஸ், நான்கு ஆகியவையே அன்றைய கைகள். நான்கு ஏஸ் வைத்திருந்தவரை யாராலும் வெல்ல முடியாது. நான்கு ராஜாவோடு ஓர் ஏஸும் வைத்திருந்தவரையும் அப்படியே, ஏனென்றால் மற்ற எவரிடமும் நான்கு ஏஸ் சேர வழியில்லை.

52 சீட்டுக் கட்டு வந்த பிறகே கலர் ஒரு கையாக ஏற்கப்பட்டது. சீக்வென்ஸ் அதற்கும் பின்னால் வந்தது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட அதை ஏற்பதும் ஏற்காததும் ஆடுபவர்களின் விருப்பமாகவே இருந்ததால், அமர்வதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களைக் குழப்பிய கலரும் சீக்வென்ஸும் இந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த மருமக்கள்தாம்.

கட்டு சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய சான்றும் உண்டு. 2 முதல் 5 வரை உள்ள சீட்டுகளை நீக்கி, 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக் ஹோல்டம் என்ற வகையில், கலர் ஃபுல் ஹவுஸை வெல்லும். ஒவ்வோர் இனத்திலும் ஒன்பது சீட்டுகளே இருப்பதால் கலர் சேர்வது கடினமாகிவிடுகிறது. ஐந்து சீட்டாக எண்ணினால் கலர் 480, ஃபுல் ஹவுஸ் 1,728. அந்த ஆட்டத்தில் 5 இல்லாததால் அதன் இடத்தில் ஏஸை வைத்து, ஏஸ்-6-7-8-9 என்பதையும் அடுக்காக ஏற்கிறார்கள். ஆகவே புதிய மேசையில் உட்காரும்போது, கட்டில் எத்தனை சீட்டு என்பதையும் கலருக்கு எந்த இடம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மேலூர்வாசி:

கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் சமமான கைகள் வந்தால் இஸ்பேடுதான் பெரியது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். போக்கரிலும் இனங்களுக்குள் பெரிது சிறிது உண்டா? நேற்று நடுவே விழுந்த ஐந்தும் கிளாவராகவே இருந்தன: ராஜா, ராணி, 9, 8, 6. என்னிடம் கிளாவர் 5, நண்பரிடம் கிளாவர் 4. இனமும் ஒன்றாகவே இருந்ததால் என் 5 பெரிது என்று நான் சொன்னேன். அவர் பாதி கேட்டார். யார் சொன்னது சரி?

நடுச்சீட்டு:

உங்கள் நண்பர் சொன்னதே சரி. நடுவே கிடந்த ராஜா, ராணி, 9, 8, 6 என்ற கலரைவிட உங்கள் 5ஐச் சேர்த்தாலும் அவரது 4ஐச் சேர்த்தாலும் கை சிறியதாகத்தான் ஆகும். ஆகவே இருவருக்கும் சிறந்த ஐந்து, மேசையில் கிடந்த ஐந்தேதான், கை சமம். உங்களிடம் 5க்குப் பதிலாகக் கிளாவர் 7 இருந்திருந்தால், அது 6ஐ வெளியேற்றி ராஜா, ராணி, 9, 8, 7 ஆகி உங்களை வெல்ல வைத்திருக்கும்.

போக்கரில் கைகளை ஒப்பிடும்போது நான்கு இனங்களும் சமம்; இஸ்பேட் கலர் ஹார்ட் கலரை வெல்லாது. இனத்தின் வரிசை பயன்படுவது ஆட்டத்தின் ஓரத்து வேலைகளுக்குத்தான். முதலில் யார் சீட்டுப் போடுவது என்று ஆளுக்கொரு சீட்டு இழுத்துப் பார்க்கையில் இருவருக்கும் ஒரே எண் வந்தாலும், ஸ்டட் என்னும் ஏழு சீட்டுப் போக்கரில் ஆகச் சிறிய சீட்டைத் திறந்து வைத்திருப்பவர் முதல் பணயம் கட்ட வேண்டும் என்னும்போது இருவரின் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், கிளாவர், டைமன், ஹார்ட், இஸ்பேட் என்று சிறியதிலிருந்து பெரியதாக எண்ணிக்கொள்வார்கள்.

ஆகையால் நேற்றைய குவியலை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படையாக இருந்து ஒரு புளியங்கொட்டை மிஞ்சினால், சீட்டுப் போட்டவரின் இடப்பக்கத்திலிருந்து எண்ணும்போது உங்கள் இருவரில் யார் முதலில் அமர்ந்திருந்தாரோ அவருக்கே அது சேரும்.